வாய்க்காலோரச் சலமீனோ

ஊர்ப் பெயரையே கொண்ட எங்கள் சொர்பாராத் திராட்சையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள். அதன் ஒயின் என்ன நிறம், நுரை என்ன அழகு, மூக்கருகே கொண்டுபோனால் வயலட் பூ வாசம் என்றெல்லாம் அளந்து தள்ளுவார்கள். அந்தக் கொடிக்குத் தானாகக் காய்க்கத் துப்பில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மே கடைசியில் பூக்கும், நன்றாகவே பூக்கும். ஆனால் அதன் மகரந்தம் எதற்கும் உதவாது. பக்கத்தில் சலமீனோ என்கிற இன்னொரு கொடி நின்று, அதன் தூள் காற்றில் வந்து விழுந்தால்தான் பிஞ்சு பிடிக்கும். இல்லாவிட்டால் குலைக்கு நாலு நல்ல பழமும், மீதியெல்லாம் மிளகு மாதிரிப் பச்சைப் பொட்டும்தான் மிஞ்சும்.

இரண்டும் லாம்ப்ருஸ்கோ என்கிற ஒயின் திராட்சைக் குடும்பம்தான். ஆனால் சொர்பாராவுக்கு இருக்கும் மரியாதை சலமீனோவுக்குக் கிடையாது. குலை குட்டைச் சலாமித் தொத்திறைச்சி போல இருப்பதால் அந்தப் பெயர். சாறு கறுப்பு. மேஜை விரிப்பில் ஒரு சொட்டு சிந்தினால் ஜென்மத்துக்கும் போகாது.

நான் இந்தச் சமவெளியில் பிறந்தவள் இல்லை. கஸ்தெல்வெத்ரோ மலைச்சரிவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அங்கே கிராஸ்பரோஸா என்று மூன்றாவது லாம்ப்ருஸ்கோ ஒன்று இருக்கிறது, யார் தயவும் இல்லாமல் காய்க்கும். அதனால் செக்கியா ஆற்றுக்கும் பனாரோ ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஜனங்களின் பெருமையைக் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சகித்துக் குடும்பம் நடத்துகிறேன். என் பெயர் நிவேஸ். என் கணவர் லோரிஸ். அவர் தங்கை, அதாவது என் நாத்தனார், ஸெலிந்தா.

மாமனார் போனதும் அண்ணனும் தங்கையும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கோடு போட வேண்டும், மற்றவர் எந்தப் பங்கு வேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கோடு போடுகிறவர் ஓரவஞ்சனை செய்ய முடியாது பாருங்கள். லோரிஸ் மூத்தவர், அவர் கோடு போட்டார். நிலத்தின் நடுவே ஓடும் வாய்க்காலையே எல்லையாக வைத்தார். கிழக்கே சொர்பாரா வரிசைகள் முழுவதும், பழைய ஒயின் அறையும். மேற்கே வீடு, பேரிக்காய்த் தோட்டம், சலமீனோ. நோட்டரி பேனா மூடியைத் திறப்பதற்குள் ஸெலிந்தா கிழக்கைக் கேட்டு வாங்கிவிட்டாள். எல்லோருக்கும் திருப்தி. மாமனார் வாய்க்காலை ஒட்டி மேற்குக் கரையில் நட்டுவைத்த சலமீனோ வரிசைகளிலிருந்துதான் கிழக்கே காற்றில் தூள் போகும் என்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். காற்றுக்கும் சேர்த்துப் பத்திரம் எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸெலிந்தா அதுவரை சஸ்ஸுவோலோவில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் இருந்தாள். சூளைப் பக்கம் வேலை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், சூளையையே கட்டிக்கொண்டது போல அங்கேயே கிடந்தாள். நிலம் கைக்கு வந்ததும் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ஒயின் அறையை ஒட்டியே குடியேறிவிட்டாள். அவள் வரும்வரை எங்கள் திராட்சை எல்லாம் கூட்டுறவுச் சங்கத்துத் தொட்டியில்தான் போய் விழும். அவள் அதை மாற்றினாள். பழைய முறைப்படி ஒயின் நொதித்து முழுசாக அடங்குவதற்கு முன் வசந்தத்தில் பாட்டிலில் அடைத்து, உள்ளேயே பொங்க விட்டு, கார்க்கைக் கயிற்றால் கட்டி வைத்தாள். முதல் வருஷச் சரக்கை மோதெனா நகரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் வந்து வாரிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷத்துக்கும் சொல்லி வைத்தார்கள்.

தொழிற்சாலை அவள் இடத்தை அடுத்த ஜூன் கடைசியில் வரும் புனித பேதுரு திருநாள் வரைக்கும்தான் காத்து வைக்கும். அதற்குள் வருகிறேன், வரமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் குலை பிடித்தால் அவள் பிழைப்பு இனிமேல் இந்த மண்ணில். பிடிக்காவிட்டால் மறுபடி சூளை. அங்கே திரும்பிப் போக முடியாது என்று என்னிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கிறிஸ்துமஸ் விருந்து வந்தது. மோதெனாவிலிருந்து ஒரு கடைக்காரரையும் அவர் மனைவியையும் ஸெலிந்தா எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். நான் தொர்தெல்லினி பிடித்து, சேவல் சூப்பில் போட்டிருந்தேன். உள்ளே பூரணம் வைத்த அந்தச் சுண்டுவிரல் அளவுக் கொழுக்கட்டைகளைத் தின்று முடித்ததும், கிண்ணத்தில் மிஞ்சும் சூப்பில் ஒயினை ஊற்றி அப்படியே தூக்கிக் குடிப்பது இங்கே எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். லோரிஸ் தன் சலமீனோவை ஊற்றினார். அதைப் பார்த்த கடைக்காரர் தன் கிளாஸை நீட்டி, கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேட்டார். ஸெலிந்தா அவர் கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"அதெல்லாம் கிளாஸ்ல ஊத்துறதில்லீங்க. எங்கண்ணன் ஒயின் சூப்புக்கு மட்டும்தான். மிச்சம் இருந்தா துணிக்குச் சாயம் போடலாம்."

கடைக்காரர் சிரித்தார். அவர் மனைவி சிரித்தாள். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன். லோரிஸ் சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, துண்டால் வாயைத் துடைத்து, துண்டை நான்காக மடித்து வைத்தார். அவர் துண்டை மடித்து வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

ஜனவரியில், பன்றி அடிக்கும் நாட்களில், என் அக்காவுக்கு ஒத்தாசையாக மலைப்பக்கம் போயிருந்தேன். தொத்திறைச்சி கட்டி முடித்துத் திரும்பி வந்தால் வாய்க்கால் ஓரம் மொட்டையாக இருக்கிறது. சலமீனோக் கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டுக் குவியலாகக் கிடக்கின்றன. மாமனார் நட்டவை. டிராக்டர் சக்கரத் தடம் இன்னும் ஈரமாக இருந்தது.

என்ன இது என்று கேட்டேன். பேரிக் கன்று வைக்கப்போவதாகச் சொன்னார். பேரிக்கு இந்த நாட்டில் வேறு இடமே இல்லையா என்று கேட்டேன். உங்கள் தங்கைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அவ மண்ணுல நான் கை வச்சேனா? என் கொடி, என் டிராக்டர். அவளுக்குத்தான் சாயம் வேண்டாமே."

மனுஷன் ஆள்தான் பெரியவர். கோபம் வந்தால் சின்னப் பிள்ளை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அந்த வாரம் முழுக்க அவருக்கு ஆறின சாப்பாடுதான்.

ஸெலிந்தா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு அந்தக் குவியலைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானே பாலத்தைத் தாண்டிப் போய், அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசிவிடு, மனசு இளகிவிடும், வீட்டுக்குப் பின்னால் இன்னும் நாலு வரிசை சலமீனோ நிற்கிறது, ஏதாவது வழி பண்ணலாம் என்றேன். அவள் கவாத்துக் கத்தரியைக் கீழே வைக்கவே இல்லை.

"காத்து ஊருக்கெல்லாம் பொது, அண்ணி. யார் தோட்டத்துலேருந்தாவது வரும்."

வருவதற்கு எங்கே இருக்கிறது? அக்கம்பக்கத்தில் இருப்பதெல்லாம் பேரியும் சோளமும் பன்றிக் கொட்டகையும். அந்தப் பக்கமிருந்து காற்று எதைக் கொண்டு வரும் என்பது எங்கள் எல்லோர் மூக்குக்கும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்த நாலு வரிசைக்கும் அவள் கொடிகளுக்கும் நடுவில் வீடும் பேரித் தோட்டமும் சுவர் மாதிரி மறித்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் குடும்பத்து வீம்பு இருவருக்கும் சமமாகப் பங்கு வைக்கப்பட்டிருந்தது, அதற்கு மட்டும் யாரும் கோடு போட வேண்டியிருக்கவில்லை.

மே பிறந்தது. கடைசி வாரத்தில் சொர்பாரா பூத்தது. பூப்பது ஒரு வாரம், நல்ல வெயில் அடித்தால் அதுகூட இல்லை. அதற்குள் தூள் விழவில்லை என்றால் அந்த வருஷம் போனது போனதுதான்.

அப்போது ஒன்று கவனித்தேன். எங்கள் நாய் பிரிஸ்கோலா எப்போதும் தோட்டத்தில் சுற்றித் திரியும். அந்த வாரம் லோரிஸ் அதைத் தினமும் களஞ்சியத்துக்குள் கட்டிப்போட்டுவிட்டுப் படுத்தார். ஏன் என்று கேட்டால் அதற்குக் காலில் முள் குத்தியிருக்கிறது என்றார். காலில் முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருநாள் விடிகிற நேரத்தில் எழுந்து சமையலறைக்கு வந்தால், மனுஷன் காபிக் கோப்பையோடு ஜன்னல் பலகையின் இடுக்கு வழியே வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

பின்பக்கச் சலமீனோ வரிசையில், மாமனாரின் பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு உருவம் குனிந்து குனிந்து பூத்த கிளைகளை நறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தது. என் நாத்தனார் அண்ணன் தோட்டத்தில் திருடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு அந்தத் திருட்டுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார்.

"யாருங்க அது?" என்றேன், தெரியாதவள் போல.

"யாரோ," என்றார் லோரிஸ். காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவரே, "பனி ஈரத்தோட வெட்டுறா. ஒண்ணுக்கும் ஆகாது," என்றார்.

அதை அவளிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவள் கேட்டால் சொல்வேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கோப்பையைப் பிடுங்கிக் காபியைக் கழுவுதொட்டியில் கொட்டினேன்.

முட்டை கொடுக்கிற சாக்கில் நான் வாய்க்காலைத் தாண்டிப் போனேன். அவள் வரிசைகள் முழுக்கக் கம்பிக்குக் கம்பி தண்ணீர் பாட்டில் கட்டி, அதில் சலமீனோக் கிளைகளைச் செருகியிருந்தாள். பார்க்கத் திருநாள் பீடம் போல அழகாகத்தான் இருந்தது. ஒரு பூங்கொத்தை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தேன். தூள் உதிரவில்லை. பசை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. வெயில் ஏறி ஈரம் காயும் நேரத்துக்குக் கிளை துவண்டு, பூ சுருங்கிவிடுகிறது. தூள் பறக்க வேண்டுமானால் பனி காய்ந்த பிறகு வெட்டி, வெட்டிய கையோடு கொண்டுபோய்ச் சொர்பாராப் பூவின் மேல் உதற வேண்டும். பனி காய்வது காலை பத்து மணிக்கு. பத்து மணிக்கு அண்ணன் வீட்டுக் கொல்லையில் நின்று திருட முடியாது.

இது அவளுக்குத் தெரியாததா? சொர்பாராவில் பிறந்து வளர்ந்தவள். என் உள்ளங்கையை அவளும் பார்த்தாள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வா," என்றேன். "பின்பக்கமா வராதே. முன்வாசல் வழியா, பாலத்து மேல, எல்லாரும் பாக்க வா. திங்கக்கிழமை மழைன்னு ரேடியோல சொல்றான், பெஞ்சா தூளெல்லாம் கழுவிட்டுப் போயிடும்."

"வந்து என்னன்னு சொல்றது, அண்ணி?"

"அது உன் பாடு. வாயைத் தொறக்கத் தெரியாதவளா நீ? கிறிஸ்துமஸுக்கு நல்லாத்தானே தொறந்தே."

ஞாயிற்றுக்கிழமை மூன்று தட்டு வைத்தேன். மூன்றாவது தட்டை லோரிஸ் பார்த்தார். தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, பக்கத்து நாற்காலிக்கு இடம் விட்டார். சூப்பு கொதித்தது, அடுப்பைக் குறைத்தேன், மறுபடி கொதிக்க விட்டேன். பூசை முடிந்து ஜனங்கள் சைக்கிளில் திரும்பத் தொடங்கினார்கள். அவளைக் காணவில்லை. இனி வரமாட்டாள், இரண்டு பேரும் அவரவர் கரையில் இருந்து மண்ணாகப் போகட்டும் என்று மூன்றாவது தட்டை எடுக்கப் போனேன். பிரிஸ்கோலா வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியது.

கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போன நீல உடையோடு ஸெலிந்தா பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் காலி வாளி, ஒரு கையில் தன் சொர்பாரா பாட்டில். சாலையில் சைக்கிள்கள் மெதுவாகின. எங்கள் ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது பாதிரியாரைவிட ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளே வந்து, வாளியை வாசலில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். கொழுக்கட்டை தீர்ந்து கிண்ணத்தில் சூப்பு மிஞ்சியது. லோரிஸ் வழக்கம்போலச் சலமீனோவுக்குக் கையை நீட்டினார். அதற்குள் ஸெலிந்தா அந்தப் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தான் கொண்டுவந்த சொர்பாராவின் கயிற்றை அவிழ்த்தாள். கார்க் வெடித்தது. மோதெனாக்காரர்கள் வரிசையில் நின்று வாங்குகிற அந்த ஒயினை, ரோஜா நிற நுரை பொங்கப் பொங்க, தன் சூப்புக் கிண்ணத்தில் கொட்டினாள். பிறகு அண்ணனின் கறுப்புச் சலமீனோவைக் கிளாஸில் விளிம்பு வரை ஊற்றி, நிறுத்தி நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"நல்லாருக்குண்ணே," என்றாள். கிளாஸைக் கீழே வைத்தாள். "எனக்குக் கொஞ்சம் பூ வேணும்."

லோரிஸ் அவளைப் பார்க்கவில்லை. கரண்டியை நீட்டி, அவள் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்துக் குடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"புளிப்பு. சூப்புக்கு இது தேறாது."

முதலில் சிரித்தது நான்தான். பிறகு ஸெலிந்தா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். லோரிஸ் எழுந்து ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, சுவரில் ஏறியிருந்த கொடியின் இலை ஒன்றைத் தடவிப் பார்த்தார். ஈரம் காய்ந்திருந்தது. ஆணியில் மாட்டியிருந்த இரண்டு கத்தரியையும் எடுத்தார். ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

அவள் திருடும்போது நுனியாகப் பார்த்துப் பார்த்து வெட்டினாள். அவர் அப்படியெல்லாம் பார்க்கவில்லை. கை நிறைய, தோள் நிறைய, அந்த வருஷத்து எங்கள் குலை எல்லாவற்றையும் பூவாகவே வெட்டித் தள்ளினார். போகிற பணத்தை மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆனாலும் விழுந்ததைப் பொறுக்கி வாளியில் அடைத்தேன். பாலத்தின் மேல் ஓட்டமும் நடையுமாகத் தூக்கிக்கொண்டு போய், ஆளுக்கொரு வரிசை பிடித்து, சொர்பாராப் பூவின் மேல் உதறிக்கொண்டே நடந்தோம். பாதிரியார் தீர்த்தம் தெளிப்பது போல இருக்கிறது என்று சாலையில் போன ஒருவர் கத்தினார். லோரிஸ் அவர் மேலும் ஒரு கிளையை உதறினார். சாயங்காலம் எங்கள் தலையெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. திங்கள் இரவு மழை பெய்தது. அதற்குள் வேலை முடிந்திருந்தது.

ஜூன் நடுவில் ஸெலிந்தா ஒரு குலையை விரல்களுக்கு நடுவில் ஏந்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். பச்சை மணிகள், நெருக்கமாக, ஒரே அளவாக. எல்லாக் குலையும் அப்படி இல்லை. ஓரத்தில் சிலது பொட்டாகவே நின்றுவிட்டன. ஆனால் பிழைப்புக்குப் போதும், அதற்கு மேலும்கூட. பேதுரு திருநாளன்று எங்கள் சமையலறைத் தொலைபேசியிலிருந்து தொழிற்சாலையைக் கூப்பிட்டு, வரமாட்டேன் என்று சொன்னாள். யார் எடுத்தார்களோ, சூளைக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள்.

செப்டம்பரில் எங்கள் சலமீனோ வண்டி பாதிகூட நிறையவில்லை. கூட்டுறவுச் சங்கத்து ஆள் எட்டிப் பார்த்து, ஆலங்கட்டி மழையா என்று விசாரித்தான். ஆமாம், எங்கள் வீட்டு ஆலங்கட்டி என்றார் லோரிஸ்.

நவம்பரில், மூடுபனி மூக்கு முட்டும் ஒரு காலையில், அவர் டிராக்டரின் பின்வண்டியில் வேர்விட்ட சலமீனோக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு போனார். வாய்க்கால் ஓரம் பிடுங்கிய இடத்தில்தான் நடப்போகிறார் என்று நினைத்தேன். பேரிக் கன்று என்ற பேச்சு எப்போதோ காற்றோடு போயிருந்தது. ஆனால் டிராக்டர் நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டி, கிழக்குக் கரைக்குப் போய், அங்கே இறங்கி முதல் குழியைத் தோண்டத் தொடங்கினார். பனிக்குள்ளிருந்து ஸெலிந்தா ஓடி வந்தாள்.

"அண்ணே, இது என் பக்கம்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் இங்க வெக்கிறே?"

லோரிஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, குரல்தான் கேட்டது.

"உன் பக்கமே இருக்கட்டும். எனக்கு மறுபடி கோவம் வந்தா, பிடுங்க முடியாது பாரு."

கன்று பூக்க இன்னும் மூன்று வருஷம் ஆகும், அதுவரை வாளியும் கத்தரியும்தான் என்று நான் எங்கள் கரையிலிருந்தே குரல் கொடுத்தேன். இரண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அவள் அண்ணன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, அடுத்த குழியைத் தோண்டினாள்.